ஒன்பதாம் வெள்ளியன்று தின்ற கற்கண்டு

1943-ஆம் வருடம் செப்டம்பர் மாதம் 3-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. நல்ல இருட்டு. ஆறு மணிக்கு என்ன இருட்டு என்று இப்போதுள்ளவர்கள் கேட்பார்கள். யுத்தத்தை முன்னிட்டு சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்த காலம் அது. கடிகாரத்துக்கு ஆறு என்றால் சூரியனுக்கு ஐந்துதான். இரவெல்லாம் விட்டு விட்டுத் தூறி, அப்போதுதான் நின்றிருந்தது. காற்று அசையவில்லை. ஓடுகளின் விளிம்பிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் சந்தின் இரண்டு பக்கமும் கேட்டது. விமானத்துக்குப் பயந்து தெரு விளக்குகளுக்கு மூடி போட்டிருந்ததால், விளக்குக்கு நேர் கீழே ஒரு தாம்பாளம் அளவு வெளிச்சம், மற்றபடி ஒன்றுமில்லை.

நான் கதவைப் பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்து, துண்டால் வாயையும் மூக்கையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். குளிருக்காக இல்லை. ஓட்டுத் தண்ணீர் ஒரு சொட்டு வாயில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

விஷயம் தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் முதல் வெள்ளி என்று ஒரு பக்தி முயற்சி உண்டு. தொடர்ந்து ஒன்பது மாதம், மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை தவறாமல் பூசைக்குப் போய் நன்மை வாங்க வேண்டும். நன்மை என்று நாங்கள் சொல்வது திவ்ய நற்கருணையை, அப்பமாக வரும் ஆண்டவரை. ஒன்பதும் முடித்தவனுக்கு நல்ல மரணம் கிடைக்கும் என்பது நம்பிக்கை. நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நன்மை வாங்குகிறவன் முந்தின நடுநிசியிலிருந்து எதையும் விழுங்கக் கூடாது என்பது அந்தக் காலத்துக் கட்டளை. தண்ணீர்கூட ஆகாது.

நல்ல மரணத்துக்கு எனக்கு அப்போது அவசரமில்லை. வயது இருபத்தொன்பது. கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியும் குழந்தை இல்லை. எங்கள் ஜனங்கள் ஒன்பது வெள்ளியோடு தங்கள் தங்கள் கருத்தையும், அதாவது வேண்டுதலையும், சேர்த்து ஒப்புக்கொடுப்பார்கள். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து ஒன்பது முடித்தால் கேட்டது கிடைக்கும் என்று என் மாமியாருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சனவரி முதல் தேதியே வெள்ளிக்கிழமையாக வந்ததால் வருடப் பிறப்பன்றே தொடங்கினோம். எட்டு முடிந்தது. செப்டம்பர் மூன்று ஒன்பதாவது.

அந்த எட்டையும் நான் எவ்வளவு கவலையோடு காப்பாற்றினேன் என்பது என் மனைவிக்குத்தான் தெரியும். நடுநிசி என்பது பழைய கடிகாரத்துக்கா, யுத்தக் கடிகாரத்துக்கா என்ற சந்தேகத்தில், இரண்டில் எது முந்தி வருகிறதோ அதற்கும் ஒரு மணி முன்னாலேயே சாப்பாட்டை முடித்துவிடுவேன். பல் துலக்கினால் கொப்பளித்த தண்ணீரின் ஈரம் தொண்டைக்குள் போய்விட்டதா என்று வெகுநேரம் துப்பிக்கொண்டிருப்பேன். நாலாவது வெள்ளியன்று கோயில் வாசலில் ஒரு கொசு வாய்க்குள் போய்விட்டது. நேரே பங்குச் சாமியாரிடம் ஓடினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "ஓய், கொசு பலகாரமில்லை, போய் முழங்காலில் நில்லும்" என்றார். அப்படியும் அந்த நாலாவது வெள்ளி செல்லுமா என்று மே மாதம் வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கணக்கில் ஒரு வரி தப்பினால் விடை தப்பு என்று பிள்ளைகளை அடித்துக்கொண்டிருந்தவன்.

வியாழக்கிழமை சாயங்காலம் இருவரும் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணினோம். விடியற்கால இருட்டில் பெண்பிள்ளை அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம் என்று, கோயிலுக்குப் பக்கத்திலிருந்த தாய்வீட்டிலேயே அவள் தங்கிவிட்டாள். நான் மட்டும் ராயப்பேட்டையை ஒட்டின எங்கள் சந்துக்குத் திரும்பினேன். ஆகவே காலையில் தனியாகக் கிளம்பினேன். பூசை ஆறரைக்கு.

சந்து முனைக்கு வருவதற்குள், எதிர்வரிசையிலிருந்த தையற்கார பாய் ஓடி வந்தார். அவரை ஏழு வருடமாகத் தெரியும். யுத்தம் வந்த பிறகு பட்டாளத்துக் காக்கிச் சட்டை தைத்துத் தைத்து அவர் விரலெல்லாம் காக்கி நிறமாகியிருந்தது. அவருக்கும் எனக்கும் ஒரே மனக்குறை, வேறு விதத்தில். எங்களுக்குப் பிறக்கவே இல்லை. அவருக்கு இரண்டு பிறந்து, இரண்டும் ஒரு வாரம் தங்கவில்லை. இரண்டாவதை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று இரவு முழுவதும் அவருடைய தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததை என் வீட்டிலிருந்து கேட்டேன்.

"சார்! வாத்தியார் சார்! பொண்ணு! பொண்ணு பொறந்துச்சு சார்! ரெண்டு பேரும் நல்லா கீறாங்கோ. மருத்துவச்சி சொல்லிட்டா, கொழந்த கல்லு மாதிரி கீதுன்னு. நீங்களே கேளுங்க, அழுவுது பாருங்க. எம்மா சத்தம்!"

கேட்டேன். நிஜமாகவே பெரிய சத்தந்தான்.

"ரொம்ப சந்தோஷம் பாய்" என்று துண்டுக்குள்ளிருந்து சொன்னேன்.

"இன்னா சார் மூஞ்சக் கட்டிக்கினு! அவுருங்க." அவரே துண்டைக் கீழே இழுத்துவிட்டார். "மொதல்ல நீங்கதான் சார் எதிர்ல வந்தீங்க. எனக்கு இன்னா பண்றதுன்னே தெரியல. நோன்பு மாசம். பாங்கு சொல்லிட்டாங்கோ. இனிமே பொழுது சாயற வரைக்கும் பச்சத் தண்ணி என் வாய்ல படக்கூடாது. பொண்ணு பொறந்த சேதிக்கு இனிப்புத் துண்ணக்கூட குடுத்து வக்கல எனக்கு. நம்ப பேருக்கு நீங்க துண்ணுங்க சார்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வாயில் ஒரு பெரிய கற்கண்டுக் கட்டியைத் திணித்துவிட்டார். சர்க்கரைக்கு ஊரே திண்டாடிக்கொண்டிருந்த நேரம். எத்தனை மாதமாக எடுத்துவைத்திருந்தாரோ.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். விழுங்கினால்தான் நோன்பு போகும். வாயில் வைத்திருந்தால் போகாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, முனை திரும்பினதும் துப்பியிருக்கலாம். வாயைத் திறந்து, "பாய், எனக்கும் நோன்பு" என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். கொசுவுக்கே சாமியாரிடம் ஓடினவன் நான்.

பாய் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்கள் அதன் வாயைப் பார்த்துத் தாங்களும் வாயைத் திறந்து திறந்து மூடுவார்களே, அதுபோல அவர் வாயும் அசைந்தது. நான் கற்கண்டைக் கடித்தேன். நொறுங்கின சத்தம் அவருக்குக் கேட்டது. முகமெல்லாம் சிரித்தார்.

"இனிக்குதா சார்?"

"ரொம்ப இனிக்குது பாய்."

முழுவதையும் தின்று முடித்துவிட்டுத்தான் நடந்தேன். கச்சேரி ரோடு பக்கம் திரும்பினபோது, துண்டை மறுபடி வாயில் கட்டப் போனேன். அப்போதுதான் நினைவு வந்தது.

பூசைக்குப் போகாமல் திரும்பியிருக்கலாம். ஆனால் என் மனைவி பெண்கள் பக்கத்தில் எனக்காகப் பார்த்துக்கொண்டிருப்பாள். போனேன். ஆண்கள் பக்கத்தில் நாலாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். மணி அடித்தது. ஜனங்கள் நன்மை வாங்க வரிசை வரிசையாக எழுந்து, பீடத்துக்கு முன்னாலிருந்த கிராதிக்குப் போனார்கள். எங்கள் பெஞ்சும் எழுந்தது. நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்த மனிதர் முழங்கையால் இடித்து, "இன்னா வாத்தியாரே, தூங்கிட்டியா?" என்றார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, என் காலைத் தாண்டிப் போனார்.

கிராதியில் மண்டியிட்டு நன்மை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, என் மனைவி முக்காட்டுக்குள்ளிருந்து ஆண்கள் பக்கம் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நடக்க வேண்டிய நேரம் அது. அவள் தாழ்த்தவில்லை.

நன்மை வாங்காமல் உட்கார்ந்திருப்பதற்கு அந்தக் காலத்தில் ஒரே ஓர் அர்த்தந்தான்: ஆள் சாவான பாவத்தில், நரகத்துக்கே கொண்டுபோகிற பெரிய பாவத்தில், இருக்கிறான். அதுவும் முந்தின நாள் சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் பண்ணினவன். இடையில் ஒரே ஓர் இரவு. அந்த இரவில் பெண்சாதி தாய்வீட்டில். எனக்கு இந்தக் கணக்கு பூசை முடியும்வரை தோன்றவில்லை. என் மாமியாருக்கு உடனே தோன்றிவிட்டது.

கோயில் வளவில், கிணற்றடியில் என்னை நிறுத்தினார்.

"மாப்ளே, நேத்து இங்கேந்து நேரா வூட்டுக்குத்தானே போனீங்க?"

"வூட்டுக்குத்தான்."

"தனியாத்தானே இருந்தீங்க?"

"அம்மா, நீ சும்மா இரு" என்றாள் என் மனைவி. முகம் வெளுத்திருந்தது. "இன்னாங்க ஆச்சு? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"கற்கண்டு தின்னுட்டேன்."

"இன்னாது?"

"கற்கண்டு."

"சக்கரை ஒரு சிட்டிகைக்கு ஊரே அல்லாடுது" என்றார் மாமியார். "இவருக்கு விடியக்காலைல கற்கண்டு ஊட்டிவுட்டது யாருன்னு கேளுடி."

"டெய்லர் பாய்" என்றேன்.

என் மனைவி என் கையைப் பிடித்தாள். "பொறந்துடுச்சா?"

"பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம்."

அவள் கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "துப்பியிருக்கலாமே" என்றாள்.

"துப்பியிருக்கலாம்."

"கொசுக்கு அந்த ஓட்டம் ஓடினீங்களே."

"ஓடினேன். இது தோணல. அவர் என் வாயையே பாத்துக்கினு இருந்தார்."

"ஒம்போதும் போச்சே! போச்சே!" என்று மாமியார் மார்பில் அடித்துக்கொண்டார்.

"போனா போவுது. மறுபடி ஒண்ணுலேந்து எண்ணுவாரு. அவருக்கு எண்றதுன்னா அவ்ளோ இஷ்டம்" என்று சொல்லி என் மனைவி சிரித்தாள். அது சிரிப்புத்தான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். தாய்வீட்டில் காப்பி தயாராக இருந்தது. அவளும் நடுநிசியிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவள். காப்பிக்குப் போகாமல், "வாங்க, கொழந்தையப் பாத்துட்டு வரலாம்" என்று ரோட்டில் இறங்கிவிட்டாள்.

பாய் வீட்டில் அவள் மட்டும் திரைக்குப் பின்னால் போனாள். நான் வெளியே, மெஷினுக்கு முன்னால் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். காக்கித் துணி வாசனை. பாய் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நடந்துகொண்டிருந்தார். உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. வெகுநேரம் கழித்து என் மனைவி வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் வழக்கம்போல்.

"பாய், உங்க கற்கண்டால எங்க வூட்டுக்காரருக்கு ஒம்போது மாசம் போச்சு, தெரியுமா?"

விஷயத்தைக் கேட்டதும் பாய் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

"நீங்களும் நோன்பா சார்? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? என் நோன்ப நா காப்பாத்திக்கினு, உங்க நோன்ப ஒடச்சுட்டேனே!"

"நீங்க எங்க பாய் பேச விட்டீங்க?"

"வாயில போட்டா துப்ப வேண்டியதுதானே சார்! காறித் துப்பியிருந்தாக்கூட நா கோச்சுக்க மாட்டேனே!"

கோபித்துக்கொள்ள மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அதற்காகப் பயந்து விழுங்கவில்லை. பிறகு எதற்காக?

இதெல்லாம் நடந்து எத்தனையோ வருடம் கழித்து, போன மாதம் அடையாற்றில், நாங்கள் கூடுகிற ஜெபக்கூட்டத்தில் ஒரு கேள்வி வைத்தார்கள். கிறிஸ்தவனை அன்றாட வாழ்க்கையில் நடத்த வேண்டியது எது? ஆளுக்கு இரண்டு நிமிஷம். பதினொரு பேர் பேசினார்கள். நாலு பேர் ஆசீர்வாதம் என்றார்கள், மூன்று பேர் கடமை, இரண்டு பேர் நரக பயம், ஒருவர் நன்றி என்றார், ஒருவர் தம் மூட்டுவலியைப் பற்றிப் பேசினார். என் முறை வந்தபோது, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். தோன்றாமலில்லை. தோன்றினது அந்தக் கற்கண்டு. அதை இரண்டு நிமிஷத்தில் எப்படிச் சொல்வது?

சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: நரகத்துக்குப் பயந்து பாவத்துக்கு வருத்தப்படுவது ஒன்று, ஆண்டவர்மேல் வைத்த அன்பினால் வருத்தப்படுவது வேறு, இரண்டாவதுதான் உத்தம மனஸ்தாபம். ஒப்பித்து மார்க்கு வாங்கினேன். ஆனால் அந்த இரண்டாவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எட்டு வெள்ளியும் நான் ஆண்டவரிடம் போனது இன்ஷூரன்ஸ் பணம் கட்டுகிறவன் போலத்தான். ஒன்பது தவணை நான் கட்டுகிறேன், ஒரு பிள்ளையை நீர் கொடும். அதில் பொய்யில்லை, ஆசை இருந்தது, பக்திகூட இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் என் கண் என்மேல்தான் இருந்தது. என் வாய், என் தொண்டை, என் கணக்கு. கற்கண்டைக் கடித்த அந்த ஒரு நிமிஷத்தில் மட்டும் நான் என் ஞாபகத்திலேயே இல்லை. இன்னொரு மனுஷனுடைய சந்தோஷம் எதிரே நின்றது. அதற்கு வாய் திறந்தது. அவ்வளவுதான்.

அப்படியானால் அந்த எட்டும் வீணா என்று கேட்டால், அப்படிச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. எட்டு மாதம் அப்பமாக வந்து என் வாய்க்குள் இருந்தவர்தான், ஒன்பதாம் மாதம் என்னைக் கேட்காமல் அந்த வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது. கணக்கு வாத்தியாராகச் சொன்னால், செய்முறை எழுதாத விடை. விடை சரி என்று மட்டும் தெரியும்.

இதற்குப் பிறகு நான் மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்த மாதிரி இன்னொன்று செய்ய வேண்டும் என்று வெகுநாள் முயன்றேன். ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கப் போனேன். போகும்போதே, இதோ கணக்குப் பார்க்காமல் போகிறேன் என்று உள்ளே ஒருவன் கணக்கு எழுதினான். விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியை இல்லை, முயற்சியை. யாரைப் பார்க்கப் போகிறேனோ அவரைப் பார்த்தால் போதும் என்று ஆயிற்று.

ஒன்பது வெள்ளியை மறுபடி தொடங்கினேன். நோன்புப் பெருநாளும் அடுத்த முதல் வெள்ளியும் ஒட்டிக்கொண்டு வந்தன. நான் பூசைக்குக் கிளம்பினபோது பாய் வாசலில் காவல் நின்றார். "சார்! இன்னிக்கு வெள்ளி! யாரு இன்னா குடுத்தாலும் வாயத் தொறக்காதீங்கோ! சேமியா எடுத்து வச்சிக்கீறேன், வந்து துண்ணுங்கோ!" என்று சந்து முழுவதும் கேட்கும்படி கத்தினார். அன்றிலிருந்து ஒவ்வொரு முதல் வெள்ளியும் இதேதான். எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பால்காரர், "வாத்தியாருக்கு வாய்ப்பூட்டு போட்டாச்சா பாய்?" என்பார். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை விடிந்தால் அந்தச் சத்தம் என் காதில் விழுகிறது. அந்தச் சந்தும் இல்லை, அவரும் இல்லை.

ஆறு வெள்ளி முடிந்தது. ஏழாவது 1944 ஏப்ரலில். காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். ஏப்ரல் மாதத்து முதல் வெள்ளி, பெரிய வெள்ளி. ஆண்டவர் சிலுவையில் மரித்த அந்த ஒரு நாள் மட்டும் ஜனங்களுக்கு நன்மை கொடுக்க மாட்டார்கள். அந்தக் காலத்து வழக்கம். சாகக் கிடக்கிறவனுக்குத்தான் கிடைக்கும். சாமியாரிடம் ஓடினேன்.

"சாமி, பெரிய வெள்ளி வந்தால் தொடர்ச்சி அறுந்ததாக அர்த்தமா, இல்லையா? ஆறோடு அடுத்ததைச் சேர்க்கலாமா, ஒன்றிலிருந்தா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கொசுக்காரர்தானே நீர்?" என்று கேட்டு, விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். இன்றுவரைக்கும் எனக்கு அந்தப் பதில் தெரியாது.

வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "அவரே அன்னிக்குச் செத்துக் கெடக்குறாரு. அவருகிட்ட போயி இது ஏழா, ஒண்ணான்னு கேப்பீங்களா?" என்றாள்.

அன்றோடு எண்ணுவதை நிறுத்தினோம். முதல் வெள்ளிப் பூசையை நிறுத்தவில்லை. எத்தனை போனோம் என்று கேட்டால் தெரியாது. நான் எண்ணாமல் விட்டது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். சில வெள்ளிக்கிழமைகளில் கோயிலிலிருந்து திரும்பும்போது அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் நடப்பாள். ஆனாலும் அடுத்த மாதம் அவள்தான் முதலில் எழுந்து விளக்கேற்றுவாள்.

அந்த வருடம் உயிர்ப்புத் திருநாளுக்கு மறுநாள், "கெளம்புங்க, கொளத்தங்கரைக் கடைத்தெருவுக்குப் போவணும்" என்றாள். எதற்கு என்றேன். பாயின் குழந்தைக்கு ஏழு மாதம் முடிந்து தவழ ஆரம்பித்திருந்தது. வெள்ளிக் கொலுசு வாங்க வேண்டுமாம்.

"எந்தக் கருத்துக்கு?" என்று கேட்டேன். எங்களுக்குள் எந்தச் செலவும் ஒரு நேர்ச்சையாகவே இருந்து பழகிவிட்டது.

"கருத்தாவது ஒண்ணாவது. கொழந்த தவழ்ந்தா சத்தம் கேக்க வேணாமா?"

மயிலாப்பூர் தெப்பக்குளத்துப் பக்கம், ஒரு சின்ன வெள்ளிக் கடையில் அவள் முக்கால் மணி நேரம் பேரம் பேசினாள். கடைக்காரர், "யாருக்கும்மா, உங்க கொழந்தைக்கா?" என்றார். "எதிர்வூட்டுக் கொழந்தைக்கு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, கொலுசைக் காதோரம் ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கொலுசு ஐந்து ரூபாய் பன்னிரண்டணா, கூலி எட்டணா, போகவர ஜட்காவுக்கு ஆறணா. ஆக மொத்தம் ஆறு ரூபாய் பத்தணா.